உமியிலேர்ந்து நானோ சிலிக்கா: செய்றது எப்படி, அது நிஜமாவே நானோதான்னு டெஸ்ட் பண்றது எப்படி

கழிவுலேர்ந்து நானோ மெட்டீரியல் பண்ணணும்னு ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல தேடுறது செய்முறையத்தான். அதுல தப்பில்ல, ஆனா செய்முறை இந்த வேலைல பாதிகூட கிடையாது. கடைசில கையில ஒரு வெள்ளைப் பொடி இருக்கும், அது சிலிக்காவா (மணல்ல இருக்கிற அதே சிலிக்கான் டை ஆக்சைடு), அதுல வேற என்ன கலந்திருக்கு, துகள் 1 லேர்ந்து 100 நானோமீட்டருக்குள்ள இருக்கா, நீங்க நெனச்ச வேலைய அது செய்யுதா, இந்த நாலு கேள்விக்கும் பதில் இருந்தாத்தான் அதுக்கு நானோன்னு பேர் வைக்கலாம். அதனால செய்றதையும் டெஸ்ட் பண்றதையும் சேத்தே எழுதறேன். பொருள் நெல் உமி, முதல் தடவ பண்றவங்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஏன் உமின்னா, நெல் செடி மண்ணுல கரைஞ்சிருக்கிற சிலிசிக் ஆசிட்ட வேர் வழியா இழுத்துக்கிட்டுப் போய் உமியில சிலிக்காவா படிய வைக்குது, அதுவும் படிகமா இல்லாம உருவமில்லாத நிலையில, இங்கிலீஷ்ல அமார்ஃபஸ்னு சொல்றது. உமிய எரிச்சா எடைல அஞ்சுல ஒரு பங்கு போல சாம்பல் நிக்கும், அந்த சாம்பல்ல பெரும்பங்கு சிலிக்கா. மணல உருக்கி சிலிக்கேட் எடுக்க 1000 டிகிரிக்கு மேல போகணும், உமிச்சாம்பல் அமார்ஃபஸா இருக்கறதால கொதிக்கிற கார நீருலயே கரைஞ்சிடும். அந்த அமார்ஃபஸ் தன்மைய கடைசி வரைக்கும் கெடுக்காம பாத்துக்கணும்.

முதல்ல ஆசிட்ல கழுவணும், எரிச்சப்புறம் இல்ல

உமிய தண்ணில நல்லா அலசி மண், தூசி, மிதக்கிற குப்பை எல்லாத்தையும் எடுத்துட்டு காய வைங்க. அப்புறம் 50 கிராம் உமிக்கு அரை லிட்டர் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எடுத்து 90 டிகிரில 2 மணி நேரம் வச்சு அப்பப்ப கிளறுங்க, எல்லாம் ஃபியூம் ஹுட் உள்ளதான். 37 சதவீத ஆசிட் ஏறக்குறைய 12 மோலார், ஒரு லிட்டர் 1 மோலார் பண்ண அதுல 83 மில்லி போதும், தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தக் கூடாது. கழுவின தண்ணியோட பிஹெச் நடுநிலைக்கு வர்ற வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர்ல அலசி, 100 டிகிரில காய வைங்க.

இந்த ஸ்டெப்ப நேரம் மிச்சம்னு விட்டுடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு விடாதீங்க. உமியில பொட்டாசியம் இருக்கு, அது சிலிக்காவோட சேந்தா உருகுநிலை எறங்கிடும், எரிக்கும்போது துகளோட மேற்பரப்பு லேசா உருகி உள்ள இருக்கிற கார்பன மூடிடும், அதுக்கப்புறம் எத்தன மணி நேரம் ஃபர்னஸ்ல வச்சாலும் அந்தக் கறுப்பு போகாது, ஏன்னா ஆக்ஸிஜன் உள்ள போக வழியே இல்ல. ஆசிட்ல கழுவாத உமியையும் கழுவின உமியையும் ஒரே ஃபர்னஸ்ல பக்கத்து பக்கத்துல வச்சு எரிச்சுப் பாருங்க, கழுவாதது சாம்பல் நிறத்துல கறுப்புப் புள்ளி புள்ளியா நிக்கும், கழுவினது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உமியோட படகு வடிவம்கூட அப்படியே இருக்கும், விரலால தொட்டதும் பொடியாகும். ஒரு தடவ இதைக் கண்ணால பாத்தவங்க அப்புறம் ஆசிட் ஸ்டெப்ப விட மாட்டாங்க.

எரிக்கறதுக்கு மஃபிள் ஃபர்னஸ், நிமிஷத்துக்கு 5 டிகிரி ஏத்தம், 600 லேர்ந்து 650 டிகிரில 4 மணி நேரம். குரூசிபிள்ல மெல்லிசா பரப்புங்க, அமுக்கி நிரப்பினா அடில காத்து போகாது. ஆரம்பத்துல 300, 400 டிகிரி வரைக்கும் நல்லா புகை வரும், அதனால ஃபர்னஸோட புகைபோக்கி திறந்திருக்கணும், ரூம்ல எக்ஸாஸ்ட் ஓடணும். சீக்கிரம் வெளுக்கட்டும்னு 900, 1000னு ஏத்தாதீங்க, அங்க சிலிக்கா கிறிஸ்டோபலைட்டுங்கற படிகமா மாறத் தொடங்கும், படிகம் ஆயிட்டா காரத்துல கரையறது கஷ்டம். அதைவிட முக்கியமான விஷயம், படிக சிலிக்கா தூசிய சுவாசிச்சா சிலிக்கோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வரும், சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அத மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னே வகைப்படுத்தியிருக்கு. அமார்ஃபஸ் சாம்பலா இருந்தாலும் மாஸ்க் இல்லாம கொட்டறது, ஊதறது, தட்டறது வேண்டாம், முடிஞ்ச வரைக்கும் ஈரமாவே கையாளுங்க.

கரைச்சு, திரும்ப எடுக்கறது

10 கிராம் வெள்ளைச் சாம்பலுக்கு 100 மில்லி 2.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது 10 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைச்ச தண்ணி. கண்ணாடி பீக்கர் வேண்டாம், சூடான காரம் கண்ணாடியையே அரிக்கும், அப்புறம் உங்க சிலிக்கால கொஞ்சம் பீக்கரோட சிலிக்கா, எது எதுன்னு யாரு பிரிக்கறது. பாலிபுரொப்பிலீன் இல்ல டெஃப்லான் பாத்திரம் எடுங்க, மேல மூடி, 90 டிகிரில 2, 3 மணி நேரம் ஸ்டிர்ரர்ல ஓட விடுங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம இந்த ஸ்டெப்ப செய்யவே செய்யாதீங்க, சூடான காரம் கண்ணுல தெறிச்சா ஆசிட்டைவிட ஆழமா இறங்கும். முடிஞ்சதும் சூட்டோட ஃபில்டர் பண்ணி, கொஞ்சம் கொதிநீர் ஊத்தி அந்த வண்டலையும் கழுவி சேத்துக்கோங்க. கையில வர்றது சோடியம் சிலிக்கேட் கரைசல், தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும். மஞ்சளா, பழுப்பா இருந்தா சாம்பல் சரியா எரியலன்னு அர்த்தம். ஃபில்டர்ல நின்னத காய வச்சு எடை போடுங்க, எவ்ளோ கரையலன்னு அதுலேர்ந்துதான் தெரியும்.

இப்போ அந்தக் கரைசல்ல அதே அளவு தண்ணி சேத்து நீர்க்க வச்சு, 50, 60 டிகிரில வேகமா கலக்கிக்கிட்டே 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ட சொட்டு சொட்டா விடுங்க. முதல்ல சொட்டு விழுற எடத்துல வெள்ளையா ஒரு திப்பி வரும், உடனே கரைஞ்சு போயிடும். பிஹெச் 10 பக்கம் வரும்போது அந்தத் திப்பி கரையறதுக்கு நேரம் எடுக்கும், கரைசல் லேசா நீலம் ஓடின பால் மாதிரி ஆகும், துகள் உருவாகத் தொடங்கிடுச்சுன்னு அதுதான் அடையாளம். அந்த எடத்துல கைய நிதானப்படுத்துங்க, நிமிஷத்துக்கு 1 மில்லிக்கு மேல வேண்டாம். 8 லேர்ந்து 7 க்கு எறங்கும்போது மொத்தமும் கெட்டியாகி மேக்னட் சுத்த முடியாம திணறும், பயப்படாதீங்க, கண்ணாடிக் குச்சியால உடைச்சு விட்டு கலக்கிக்கிட்டே 7 க்கு கொண்டு வாங்க. அவசரப்பட்டு ஆசிட்ட மொத்தமா கொட்டினா சில எடத்துல பெரிய கட்டியா உறையும், உள்ள காரம் மாட்டிக்கும், அப்புறம் கழுவக் கழுவ பிஹெச் ஏறிக்கிட்டே இருக்கும். மூடி வச்சு ஒரு நாள் ஆற விடுங்க.

உப்பு

இந்தப் பகுதிய கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா நான் ரெண்டு மாசம் இழந்தது இங்கதான். ஒரு கணக்கு பாருங்க, 10 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடுன்னா கால் மோல், அது முழுசா ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டோட சேந்தா 14.6 கிராம் சாதா உப்பு வரும். சிலிக்கா 10 கிராம்கூட வராது. அதாவது அந்த ஜெல்லுக்குள்ள சிலிக்காவைவிட உப்பு ஜாஸ்தி! இத நான் ஆரம்பத்துல கணக்கே போடல. ரெண்டு தடவ அலசிட்டு காய வச்சேன், பொடி நல்ல வெள்ளை, எடையும் எதிர்பாத்ததைவிட அதிகம், சந்தோஷமா எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விட்டு படிக அமைப்பப் பாக்கற டெஸ்ட்) எடுத்தேன். 31.7 டிகிரிலயும் 45.4 டிகிரிலயும் ஊசி மாதிரி பீக், படிக நானோ சிலிக்கா கிடைச்சிடுச்சுன்னு நோட்ல எழுதினேன். அப்புறம் செம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படத்துல சின்னச் சின்ன கனசதுரமா அழகா வந்துச்சு. சிலிக்கா கனசதுரமா வளராது, உப்புதான் அப்படி வளரும், அந்த ரெண்டு பீக்கும் உப்போடதுதான். அதே பொடிய வச்சு எடுத்த அத்தன டேட்டாவையும் தூக்கிப் போட வேண்டியதாச்சு.

அதனால கழுவறதுக்கும் கணக்கு வச்சுக்கோங்க. ஜெல்லுக்குள்ள 100 மில்லி தண்ணி தங்குதுன்னு வச்சுக்குவோம், ஒவ்வொரு தடவையும் 400 மில்லி வெந்நீர் சேத்தா உப்பு அஞ்சுல ஒண்ணா குறையும். 14.6 கிராம் முதல் அலசல்ல 2.9, அப்புறம் 0.58, 0.12, 0.02, அஞ்சாவது தடவ 0.005 கிராம். காகிதத்துல இப்படி, ஆனா ஜெல் கட்டியோட உள்ளேர்ந்து உப்பு வெளிய வர நேரம் வேணும், அதனால நல்லா உடைச்சு, ஒவ்வொரு அலசலுக்கும் அரை மணி நேரம் கலக்க விட்டு, அப்புறம் சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு மேல இருக்கிற தண்ணிய எடுங்க. எப்ப நிறுத்தறதுன்னு அந்தத் தண்ணியே சொல்லும், 2 மில்லி எடுத்து ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட், ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்க, தயிர் மாதிரி வெள்ளை வந்தா இன்னும் குளோரைடு இருக்கு, லேசா கலங்கினாலும் இருக்கு, தெளிவா நிக்கற வரைக்கும் அலசுங்க. நைட்ரிக் ஆசிட் சேக்க மறந்துடாதீங்க, காரத் தன்மை மிச்சமிருந்தா சில்வர் ஆக்சைடு பழுப்பா வந்து குழப்பும். நடுநிலையாக்க சல்ஃப்யூரிக் ஆசிட் எடுத்தவங்களுக்கு சில்வர் நைட்ரேட் உதவாது, அங்க பேரியம் குளோரைடு சொட்டு.

காய வைக்கறதுல ஒரு விஷயம். தண்ணியோடவே அவன்ல வச்சா, தண்ணி ஆவியாகும்போது நுண்துளைகளோட சுவர இழுத்து மூடிடும், துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கல்லு மாதிரி ஆகும். கடைசி ரெண்டு அலசல எத்தனால்ல பண்ணுங்க, தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், எத்தனாலுக்கு 22 தான், அதனால அந்த இழுப்பு குறையும், பொடி பஞ்சு மாதிரி லேசா வரும். அப்புறம் 80 டிகிரில ராத்திரி முழுக்க, எத்தனால் ஆவி சேராம காத்தோட்டம் உள்ள அவன்லதான், தீப்பொறி வர்ற எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது.

இது என்னன்னு பாக்கறது

எக்ஸ்ஆர்டில 22 டிகிரி பக்கம் அகலமான ஒரு மேடு மட்டும் வரணும், வேற ஊசி பீக் எதுவும் கூடாது, வந்தா அது உப்பா கிறிஸ்டோபலைட்டான்னு பாருங்க. இங்க ஒரு தப்ப நான் தீசிஸ்லகூட பாத்திருக்கேன், அந்த மேட்ட எடுத்து ஷெரர் சமன்பாட்டுல போட்டுடறது. மேடு 8 டிகிரி அகலம்னா கணக்கு சரியா 1 நானோமீட்டர்னு வரும், உடனே துகள் அளவு 1 நானோமீட்டர்னு எழுதிடறாங்க. ஷெரர் தர்றது படிகத்தோட அளவு, படிகமே இல்லாத பொருளுக்கு அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. படிகமா இருக்கிற பொருள்னா தாராளமா போடலாம், உதாரணமா ஜிங்க் ஆக்சைடுல 36.25 டிகிரி பீக்கோட அரை உயர அகலம் 0.4 டிகிரின்னா, 0.9 ங்கற மாறிலிய எக்ஸ்ரேயோட அலைநீளமான 0.15406 நானோமீட்டரால பெருக்கி, அகலத்த ரேடியன்ல மாத்தி, அதோட காஸ் 18.125 ஐ பெருக்கி வகுத்தா 21 நானோமீட்டர் போல வரும். அகலத்த டிகிரிலயே போட்டா விடை 57 மடங்கு தப்பாயிடும், மெஷினோட சொந்த அகலத்தையும் கழிக்கணும்.

எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு ஒளிய எங்க உறிஞ்சுதுன்னு பாத்து பிணைப்பக் கண்டுபிடிக்கறது, எண்கள் சென்டிமீட்டருக்கு எத்தன அலைன்னு) 1100 பக்கம் பெரிய பட்டை, 800, 470 பக்கம் சின்னது ரெண்டு, இது மூணும் சிலிக்கான் ஆக்ஸிஜன் பிணைப்பு. 960 பக்கம் ஒரு தோள் மாதிரி தெரியறது மேற்பரப்புல இருக்கிற சிலனால், அதாவது சிலிக்கானோட ஒட்டின ஹைட்ராக்சில், சாயத்தையோ உலோகத்தையோ பிடிக்கப் போறது அதுதான். 3400, 1630 ஈரம்.

அளவுக்கு டெம் (துகள் ஊடா எலக்ட்ரான விட்டுப் பாக்கற மைக்ராஸ்கோப்) கிடைச்சா டெம், இல்லன்னா நல்ல ஃபீல்டு எமிஷன் செம். நல்லா தெரியற ஒரு எடத்த மட்டும் படம் எடுக்காதீங்க, நாலஞ்சு எடத்துல எடுத்து, இமேஜ்ஜே மாதிரி சாஃப்ட்வேர்ல 200 துகளாவது அளந்து பரவல போடுங்க. தண்ணில இருக்கிற துகள ஒளிச்சிதறல வச்சு அளக்கற டிஎல்எஸ் நம்பர் எப்பவும் டெம்மைவிட பெருசா இருக்கும், ஏன்னா அது தண்ணி உறையோட, ஒட்டிக்கிட்டிருக்கிற கொத்தோட சேத்து அளக்குது, சிதறல் துகள் விட்டத்தோட ஆறாவது மடிய பொறுத்து ஏறறதால நாலு பெரிய கொத்து இருந்தாலே சின்னத எல்லாம் மறைச்சிடும். டிஎல்எஸ்ல 300ம் டெம்ல 20ம் வந்தா ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு இல்ல, துகள் சின்னது, ஆனா தண்ணில கொத்தா கிடக்குன்னு அர்த்தம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சரிபார்ப்பு பிஇடி. நைட்ரஜன் ஒட்ட வச்சு கிராமுக்கு எத்தன சதுர மீட்டர் பரப்புன்னு சொல்லும். 6000 ஐ அடர்த்தியால, அப்புறம் அந்தப் பரப்பால வகுத்தா உருண்டைத் துகளோட சராசரி விட்டம் நானோமீட்டர்ல வரும். சிலிக்கா அடர்த்தி 2.2, பரப்பு 200 னா, 13.6 நானோமீட்டர். டெம்ல 15 பக்கம் பாத்திருந்தா ரெண்டும் ஒத்துப் போகுது. டெம்ல 15 னு சொல்லிட்டு பிஇடில பரப்பு 10 தான் வந்துச்சுன்னா எங்கயோ இடிக்குது, காய வைக்கும்போது ஒட்டிப் போயிருக்கலாம், இல்ல சாம்பிள்ல சரியா ஈரம் போகல.

வேலை செய்யுதா?

எளிமையான டெஸ்ட் மெத்திலீன் புளூ. சிலிக்காவோட மேற்பரப்பு மின்சுமை பூஜ்யமாகற பிஹெச் 2, 3 பக்கம், அதனால நடுநிலைத் தண்ணில அது எதிர்மின் சுமையோட இருக்கும், நேர்மின் சாயமான மெத்திலீன் புளூவ இழுக்கும். லிட்டருக்கு 1 லேர்ந்து 5 மில்லிகிராம் வரைக்கும் அஞ்சு சாயக் கரைசல் பண்ணி 664 நானோமீட்டர்ல அளந்து நேர்கோடு போட்டுக்கோங்க, சாம்பிள் அதுக்கு மேல போனா நீர்க்க வச்சு அளங்க. லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயக் கரைசல் 50 மில்லில 0.05 கிராம் பொடி போட்டு குலுக்குங்க, 5, 10, 20, 40, 60, 120 நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அளங்க. கடைசில 8 மிச்சம் இருந்தா, 50 லேர்ந்து 8 ஐ கழிச்சு 0.05 லிட்டரால பெருக்கி 0.05 கிராமால வகுத்தா கிராமுக்கு 42 மில்லிகிராம்.

சதவீதத்த நம்பாதீங்க. மேல சொன்னது 84 சதவீதம். அதே பொடிய பத்து மடங்கு, 0.5 கிராம் கொட்டினா 99 சதவீதம் போயிடும், ஆனா கிராமுக்கு 5 மில்லிகிராம்கூட வராது. 99 சதவீதம் நீக்கம்னு எங்க படிச்சாலும் எவ்ளோ பொடி போட்டாங்கன்னு முதல்ல பாருங்க.

கண்ட்ரோல் இல்லாம இந்த டெஸ்ட் பண்ணாதீங்க. பொடியே போடாத சாயக் கரைசல் ஒண்ணு அதே மாதிரி பாத்திரத்துல அதே நேரம் குலுங்கணும், ஏன்னா மெத்திலீன் புளூ கண்ணாடிலயும் பிளாஸ்டிக்லயும் ஒட்டும், சில ஃபில்டர் அத அப்படியே உறிஞ்சிடும், அதனால நான் ஃபில்டர விட்டுட்டு சென்ட்ரிஃபியூஜ்தான் பண்றேன். அடுத்தது ஆசிட்ல கழுவின வெறும் உமி, வெறும் சாம்பல், இது ரெண்டும். வெறும் உமியே உங்க நானோ சிலிக்கா அளவுக்கு சாயத்தப் பிடிச்சா, இவ்ளோ வேலை எதுக்குன்னு உங்களுக்கே பதில் வேணும் இல்லையா. இன்னொண்ணு மெத்தில் ஆரஞ்சு, அது எதிர்மின் சாயம், நல்ல சிலிக்கா அத பெருசா தொடக் கூடாது, அதையும் நல்லா உறிஞ்சுதுன்னா உள்ள கரி மிச்சம் இருக்கான்னு சந்தேகப்படுங்க. எல்லாத்தையும் மூணு தடவ பண்ணி சராசரியோட விலகலையும் எழுதுங்க.

வேற கழிவுக்கு மாத்தினா

முட்டை ஓடு எடுத்தா உள் சவ்வ முதல்ல உரிக்கணும், அப்புறம் 900 டிகிரில கால்சியம் ஆக்சைடு. இங்க தராசே டெஸ்ட், 100 கிராம் கால்சியம் கார்பனேட் முழுசா சிதைஞ்சா 56 கிராம்தான் நிக்கும், 70 நின்னா இன்னும் வேகல. வெளிய எடுத்து திறந்து வச்சா காத்துல இருக்கிற ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கும், எக்ஸ்ஆர்டில 37.4 டிகிரில வர வேண்டிய பீக்கோட 18, 34 பக்கமும் பீக் வந்தா அது ஹைட்ராக்சைடா மாறிடுச்சு. இத தண்ணில உலோகம் நீக்க பயன்படுத்தறவங்க ஒரு கண்ட்ரோல் கட்டாயம் வைக்கணும், ஏன்னா இது பிஹெச்ச 12 கிட்ட ஏத்திடும், அந்த பிஹெச்ல பல உலோகம் தானாவே ஹைட்ராக்சைடா படியும். வெறும் சோடியம் ஹைட்ராக்சைடால அதே பிஹெச்சுக்கு கொண்டு வந்த கரைசலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அங்கயும் உலோகம் அதே அளவு குறைஞ்சா உங்க பொடி எதையும் உறிஞ்சல.

பழத்தோல்லேர்ந்து கார்பன் டாட் (ஒளிர்ற கார்பன் நானோ துகள்) பண்றவங்க ஹைட்ரோதெர்மல் பாத்திரத்த, அதாவது இறுக்கி மூடி சூடாக்கற அழுத்தப் பாத்திரத்த, மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, முழுசா ஆறாம திறக்காதீங்க. 365 நானோமீட்டர் விளக்குல நீலமா ஒளிர்ந்ததும் கிடைச்சிடுச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, பக்கத்துல உருவாகிற சின்னச் சின்ன மூலக்கூறுகளும் அதே மாதிரி ஒளிரும். சின்ன மூலக்கூற மட்டும் வெளிய விடற டயாலிசிஸ் பைல போட்டு ரெண்டு நாள் தண்ணி மாத்திக்கிட்டே இருங்க, வெளிய போற தண்ணி ஒளிருதா பை உள்ள இருக்கறது ஒளிருதான்னு பாருங்க, உள்ள மிச்சம் நிக்கிற ஒளிதான் டாட்டோடது.

திரும்பப் பயன்படுத்தற டெஸ்ட்டும் அதே பொடில அஞ்சு சுத்து பண்ணுங்க, சாயம் பிடிச்ச சிலிக்காவ நீர்த்த ஆசிட்லயும் எத்தனால்லயும் கழுவி காய வச்சு மறுபடி எடை போட்டுத்தான் அடுத்த சுத்து, கழுவும்போது போற பொடிய கணக்குல எடுக்கலன்னா திறன் குறைஞ்ச மாதிரி தெரியும். சாயத் தண்ணியும் கழுவின ஆசிட்டும் சிங்க்ல போகக் கூடாது, தனித்தனி கேன். ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு கிராம் தனியா சின்ன பாட்டில்ல, தேதி, உமி எடை, சாம்பல் எடை, கடைசி பொடி எடை, எத்தன அலசல்னு லேபிள் ஒட்டி டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடின பாத்திரம்) வச்சிடுங்க, ஆறு மாசம் கழிச்சு ஒரு பீக் புரியலன்னா திரும்ப எடுத்துப் பாக்க அந்த ஒரு கிராம்தான் இருக்கும்.